நாலாம் நம்பர் சட்டி

குற்றாலம்
9 செப்டம்பர் 2024

திரு. தளவாய் அவர்களுக்கு,

இரண்டு வருஷமாக உங்களை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டு வந்தேன். இனி கிடையாது. என் மகள் குழல்வாய்மொழி உங்கள் வீட்டு மருமகளாக இருந்தவரை நீங்கள் எனக்குச் சம்பந்தி. போன மாதம் மண்டபத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, பிரித்துவிடுவது என்று பேசி முடித்த பிறகு, நீங்கள் தென்காசியில் குடியிருக்கும் ஒரு ரிட்டயர்ட் போலீஸ்காரர். நான் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற ஒரு விதவை. போனில் சொல்லலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். அதனால் தபால்.

சீர்ச் சாமான் வந்து சேர்ந்தது. கட்டில், பீரோ, குத்துவிளக்கு இரண்டு, வெண்கல உருளி, எல்லாம் பட்டியல்படி சரி. முறுக்கு அச்சுகூட வந்துவிட்டது, போன தீபாவளி மாவு ஒட்டிக்கொண்டு. மொட்டைமாடியில் இருந்த பதினொரு ஆர்க்கிட் செடி மட்டும் வரவில்லை.

அவை குழலியுடையவை. உங்கள் மகன் செந்தில்வேல் பெங்களூரில் இருந்துகொண்டு, 'அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வருஷமும் உங்கள் மாடியில் பச்சை வலை கட்டி, யூடியூப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் பழகி அவள் வளர்த்த செடிகள் அவை. புளியறை தாண்டிப் புனலூர் நர்சரி வரைக்கும் பஸ்ஸில் போய் ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். அதே சமயம் பெங்களூரில் உங்கள் மகன் வேறொருத்தியோடு வீடு பிடித்துக் குடியிருந்த கதை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரத்துக்குள் செடிகள் வந்தாக வேண்டும்.

நிர்மலாதேவி


தென்காசி
16.09.2024

திருமதி நிர்மலாதேவி அவர்களுக்கு,

பார்வை: தங்கள் 9ஆம் தேதிக் கடிதம்.

1. சீர்ப் பட்டியல் தங்கள் தரப்பில் எழுதப்பட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டது. அதில் செடி என்ற வார்த்தை இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

2. முறுக்கு அச்சு தொடர்பாக என் மனைவி மாரித்தாய் வருத்தம் தெரிவிக்கச் சொன்னாள். தெரிவித்துவிட்டேன்.

3. மேற்படி பதினொரு செடிகளும் என் வீட்டு மாடியில் உயிரோடு உள்ளன. சட்டிக்குச் சட்டி எண் போட்டுச் சீட்டுக் கட்டியிருக்கிறேன். தினசரி விவரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் இருபது வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் நான். என் பொறுப்பில் உள்ள பொருளை, அதற்கு உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பேன். தாயார் வந்தாலும் கொடுப்பதற்கில்லை.

எனக்குக் கெடு வைத்து யாரும் எழுத வேண்டாம்.

தளவாய்


குற்றாலம்
20 செப்டம்பர் 2024

திரு. தளவாய் அவர்களுக்கு,

எண் போட்டுச் சீட்டுக் கட்டினீர்களா? அது என்ன, களவு போய்க் கிடைத்த சைக்கிளா?

குழலியை நேரில் வரச் சொல்கிற சூது எனக்குப் புரியாமல் இல்லை. வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுத்து, போனது போகட்டும் என்று மகனுக்காகப் பேசிப் பார்க்கலாம். இல்லாவிட்டால், அவள் சட்டியைச் சுமந்துகொண்டு படியிறங்குவதைத் தெருவே வேடிக்கை பார்க்கலாம். இரண்டில் ஒன்று.

மண்டபத்தில் நீங்கள் சொன்னது மறந்துவிட்டதா? நாற்பது பேர் இருந்தார்கள். பஞ்சாயத்துப் பேச வந்த கடற்கரை அண்ணாச்சி உங்கள் மகன் செய்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி, 'இதுக்கு என்ன சொல்லுதிய தளவாய்?' என்று கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: 'கட்டினவனோட போயி இருக்காம செடியோட குடித்தனம் பண்ணுனா, அவன் என்னவே செய்வான்?'

நாற்பது பேரில் நாலு பேர் சிரித்தார்கள். என் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லியே விடுகிறேன். ஜூன் மாதம் வந்ததிலிருந்து, மண்டபத்துக்கு வந்த அந்த ஒரு நாள் தவிர, அவள் மாடி அறையைவிட்டு இறங்குவதில்லை. சீசனுக்கு ஊர் உலகமெல்லாம் இங்கே வந்து அருவியில் குளித்துவிட்டுப் போனது. அவள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் பாதி அப்படியே கீழே வருகிறது. இந்த மூன்று மாதத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. 'அம்மா, மாமா செடிக்குத் தண்ணி ஊத்துதாங்களா?'

அதற்காகத்தான் கேட்கிறேன். மற்றபடி அந்தச் செடி என் கண்ணுக்குக் கோரைப்புல். என் பிள்ளை அந்த ஜன்னலைத் திறக்க வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் லோடு ஆட்டோக்காரர் அய்யாக்குட்டி வருவார். கொடுத்துவிடுங்கள்.

நிர்மலாதேவி


தென்காசி
08.10.2024

திருமதி நிர்மலாதேவி அவர்களுக்கு,

அய்யாக்குட்டி வந்தார். காபி குடித்தார். வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். காரணம் முந்தைய கடிதத்தில் உள்ளது.

என் மகனுக்காகப் பேச நான் யாரையும் கூப்பிடவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளவும்.

ஒரு சம்பவம் நடந்துள்ளது. பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏழாம் நம்பர் சட்டியில் உள்ள அகல இலைச் செடி மெலிந்துபோயிருப்பதாக மாரித்தாய் சொன்னாள். எங்கள் வீட்டில் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் மீன் கழுவின தண்ணீர்தான் உரம். 'இதுக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு? ஊத்துங்க' என்றாள். சாளை கழுவின தண்ணீரை நான்கு நாள் ஊற்றினேன். ஐந்தாம் நாள் எறும்பு வந்தது. ஆறாம் நாள் தெருப் பூனைகள் ஏறி வந்து அந்தச் சட்டியையும் பக்கத்துச் சட்டியையும் உருட்டிவிட்டன. அப்போதுதான் பார்த்தேன், உள்ளே மண்ணே கிடையாது. கரித்துண்டும் உடைந்த ஓட்டுச் சில்லும்தான் இருக்கிறது. வேர் கறுத்து நாறுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நாலாம் நம்பர் சட்டியில் பக்கமெல்லாம் ஓட்டையாக இருந்ததால் பழுதான சட்டி என்று நினைத்து, இரண்டு ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தேன். மற்றச் சட்டிகளிலும் அப்படியே இருப்பதைக் கவனித்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

ஏழாம் நம்பருக்கு என்ன செய்ய வேண்டும் என்று உரியவரிடம் கேட்டு, உரியவர் கையெழுத்தில் பதில் அனுப்பவும்.

தளவாய்


குற்றாலம்
14 அக்டோபர் 2024

திரு. தளவாய் அவர்களுக்கு,

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சும்மாவா சொன்னார்கள். காற்றைக் குடித்து உயிர் வாழ்கிற செடிக்குச் சாளைத் தண்ணீர் ஊற்றிய ஒரே மனுஷன் இந்த ஜில்லாவில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உரியவர் கையெழுத்தெல்லாம் கிடைக்காது. அவள் சொன்னதை நான் எழுதுகிறேன். செடியைச் சட்டியிலிருந்து எடுத்து, கறுத்த வேரையெல்லாம் வெட்டிவிட வேண்டுமாம். வெட்டின இடத்தில் சமையல் பட்டையைப் பொடித்துத் தடவி, ஒரு வாரம் நிழலில் சும்மா போட்டுவைக்க வேண்டுமாம். பிறகு புதுக் கரியில் வைத்தால் போதுமாம். இனி அரிசி களைந்த தண்ணீர், மீன் தண்ணீர், மோர், எதுவும் கூடாதாம்.

பூனை வந்து உருட்டியதை வாசித்துக் காட்டியபோது அவள் சிரித்தாள். சிமெண்டுக்கு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. பெற்றவள் நான் பக்கத்திலேயே கிடக்கிறேன், என்னால் வராத சிரிப்பு உங்கள் கடுதாசியால் வந்ததே என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஆத்திரம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவரோடு எனக்குப் பேச்சு இல்லை. செடியை அனுப்புங்கள்.

நிர்மலாதேவி


தென்காசி
18.12.2024

திருமதி நிர்மலாதேவி அவர்களுக்கு,

ஏழாம் நம்பர் பிழைத்துக்கொண்டது. புது வேர் இரண்டு, நகக்கண் அளவு, பச்சை நுனி. மழைக்குப் பதினொன்றையும் தகரத்துக்குக் கீழே மாற்றி வைத்திருந்தேன்.

இப்போது நாலாம் நம்பர். இது சுவரில் தொங்குகிற சட்டி. தண்டு ஒவ்வொன்றும் இரண்டு முழ நீளம், கயிறு மாதிரி கீழே தொங்கும். கார்த்திகை கடைசியில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. முதலில் மூன்று, பிறகு ஒன்பது. நேற்றோடு எல்லாம் போய்விட்டது. வெறும் சுள்ளியாகத் தொங்குகிறது. பூச்சி இல்லை, அழுகல் இல்லை. மீன் தண்ணீர் ஊற்றவில்லை. மாரித்தாய் மேல் சத்தியம்.

குழலி முதன்முதலில் வாங்கி வந்த செடி இது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியில் கூட்டி வந்தேன். ஒரு தடவைகூடப் பூத்ததில்லை.

என் பொறுப்பில் இருக்கும்போது இது சாகக் கூடாது. தண்ணீரைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்டு உடனே எழுதவும். கையெழுத்து யாருடையதாக இருந்தாலும் சரி.

தளவாய்


குற்றாலம்
23 டிசம்பர் 2024

திரு. தளவாய் அவர்களுக்கு,

கடற்கரை அண்ணாச்சி வந்திருந்தார். கோர்ட்டில் முடிந்ததும் உங்கள் மகன் அந்தப் பெங்களூர்க்காரியை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்யப் போகிறானாம். நீங்களும் உங்கள் மனைவியும் போய் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தீர்களாம். நடக்கட்டும்.

குழலியிடம் கேட்டேன். செடிக்குத் தண்ணீர் போதவில்லையாம். காலையிலும் சாயந்திரமும் சட்டி வழிய ஊற்றச் சொன்னாள். சாணியைக் கரைத்து வாரம் ஒரு முறை விடச் சொன்னாள்.

நிர்மலாதேவி


குற்றாலம்
9 ஜனவரி 2025

அண்ணாச்சி,

இது கிடைத்த உடனே நாலாம் நம்பருக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

மூன்று தடவை போன் செய்தேன், போகவில்லை. அய்யாக்குட்டியை அனுப்பினேன். வீடு பூட்டியிருக்கிறது, திருச்செந்தூர் போயிருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வரச் சொல்லி மறுபடியும் அவரையே அனுப்புகிறேன்.

நான் குழலியிடம் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவே இல்லை. தண்ணீர், சாணி எல்லாம் நானாக எழுதியது. பொய்.

இன்று காலையில் அவளாகக் கீழே இறங்கி வந்தாள். காலண்டரைப் பார்த்துவிட்டு, 'மார்கழி முடியப் போகுது. அந்தத் தொங்குத செடிக்கு மாமா தண்ணிய நிறுத்தியிருப்பாங்களாம்மா?' என்று கேட்டாள். அந்தச் செடி மார்கழியிலும் தையிலும் தூங்குமாம். இலையை உதிர்த்துவிட்டுக் காய்ந்து கிடந்தால்தான் பங்குனியில் பூக்குமாம். தூங்கும்போது தண்ணீர் ஊற்றினால் அடியோடு அழுகிவிடுமாம். 'ரெண்டு வருசமும் அத்தை பாவம் பாத்து ஊத்திட்டாங்க. அதான் பூக்கல. இந்த வருசமாவது மாமா விட்டுருப்பாங்க' என்றாள். நான் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கல் காய்ந்து புகைந்ததுகூடத் தெரியவில்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். செத்தால் உங்கள் கையால் செத்ததாக இருக்கட்டும் என்றுதான். என் பிள்ளை உங்கள் வீட்டில் இரண்டு வருஷம் வாடியதை எவனும் நம்பவில்லை. ஒரு செடி வாடினாலாவது ஊர் நம்பும் என்று நினைத்தேன். அது அவள் உயிரை வைத்திருக்கிற செடி என்று அப்போது யோசிக்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

பிழைக்குமா என்று எழுதுங்கள். செத்துவிட்டதென்றால் அதையும் எனக்கே எழுதுங்கள், அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

நிர்மலாதேவி


தென்காசி
13.01.2025

திருமதி நிர்மலாதேவி அவர்களுக்கு,

செடி உயிரோடு இருக்கிறது.

தங்கள் டிசம்பர் 23ஆம் தேதிக் கடிதம் கிடைத்த அன்று குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'தாயார் தண்ணீரைக் கூட்டச் சொல்கிறார். சாணியும் விடச் சொல்கிறார். போன தடவை அரிசித் தண்ணீர்கூட ஆகாது என்றவர். எழுத்தில் கோபம் தெரிகிறது. நம்புவதற்கில்லை.' முப்பத்திரண்டு வருஷத்தில் எதிர்த்தரப்பு சொன்னதை நான் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டதில்லை.

மறுநாளே ஒரு தண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு புனலூர் பஸ் ஏறினேன். நர்சரிக்கார மலையாளி அதை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை. 'சேட்டா, இது உறங்குகயா. வெள்ளம் வேண்டா' என்றார். அன்று முதல் தண்ணீர் இல்லை. மாரித்தாய் பாவம் பார்த்து ஊற்றிவிடுவாள் என்பதால் வாளியை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துவிட்டேன்.

பெங்களூர் போனது உண்மை. மாரித்தாய் அழுது கூப்பிட்டாள், போனேன். அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இதை உங்களுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

தங்கள் இரண்டு கடிதங்களையும் குழலி கண்ணில் காட்ட மாட்டேன். நீங்கள் செய்ததை நான் ஒருவன் படித்தேன். நான் சொன்னதை நாற்பது பேர் கேட்டார்கள். அந்த வகையில் என் குற்றம்தான் பெரிது.

தளவாய்


குற்றாலம்
18 ஜனவரி 2025

திரு. தளவாய் அவர்களுக்கு,

போன கடிதத்தில் அவசரத்தில் 'அண்ணாச்சி' என்று எழுதிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

செடியைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. என் பொய்யை நீங்கள் நம்பாததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருப்பதே எனக்குப் பெரிய தண்டனை.

குற்றம் உங்களுடையது என்று தெரிகிறது அல்லவா? அதை எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? என் மகளிடம் வந்து சொல்லுங்கள்.

நிர்மலாதேவி


தென்காசி
20.03.2025

திருமதி நிர்மலாதேவி அவர்களுக்கு,

வந்து சொல்லச் சொன்னீர்கள். மண்டபத்தைவிட்டு இறங்கும்போது நீங்கள் சொன்னது: 'இனி எங்க வாசப்படிய மிதிச்சியளோ, போலீசுன்னும் பாக்க மாட்டேன், வெளக்குமாறுதான்.' அதையும் நாற்பது பேர் கேட்டார்கள். நான் எப்படி வருவேன்? குழலியை இங்கே வரச் சொல்லி ஆறு மாதமாக நான் எழுதுவது இதற்காகத்தான். என் வாயால் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். செடியை அய்யாக்குட்டியிடம் ஏற்றி அனுப்பிவிட்டால் அவள் இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இருக்காது. வேறு சூது கிடையாது.

கோர்ட்டில் தீர்ப்பானது தங்களுக்குத் தெரியும். சித்திரை ஒன்றாம் தேதி என் மகன் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பழைய சாமான் எதுவும் கண்ணில் படக் கூடாது, மாடியை ஒழித்து வையுங்கள் என்று போனில் சொன்னான். மாரித்தாயும் தினம் அதையே சொல்கிறாள். பங்குனி கடைசி வரை நான் பிடித்து நிறுத்துவேன். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. தெருவில் வைக்க மாட்டேன், யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் மாட்டேன்.

நாலாம் நம்பரில் மொட்டு வைத்திருக்கிறது. இலையே இல்லாத சுள்ளியில் கணுவுக்குக் கணு வந்திருக்கிறது. இன்று காலை எண்ணினேன், இருபத்தாறு.

அவள் வந்து பார்க்க வேண்டும்.

தளவாய்


குற்றாலம்
25 மார்ச் 2025

திரு. தளவாய் அவர்களுக்கு,

வர மாட்டாள்.

இன்னொருத்திக்கு இடம் ஒழித்துக் கொடுக்க என் பிள்ளை வந்து சட்டி தூக்க வேண்டுமா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற வேலை இது. ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாசப்படி தடை என்றால், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எத்தனை டீக்கடை இருக்கிறது? சொல்ல வேண்டும் என்கிறவருக்கு வழியா இல்லை? விளக்குமாற்றுக்குப் பயந்தவர் எந்தத் தைரியத்தில் போலீஸில் இருந்தீர்கள்?

இருபத்தாறு பூவும் அந்தப் பெங்களூர்க்காரி பார்க்கப் பூக்கட்டும். அவள் தலையில் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தை வரவேற்பு மேசையில் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். குழலிக்கு இதைச் சொல்லப்போவதில்லை. இதற்குப் பதில் எழுதாதீர்கள்.

நிர்மலாதேவி


தென்காசி
07.04.2025

திருமதி நிர்மலாதேவி அவர்களுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். நடந்ததைப் பதிவு செய்யாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழலி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். தங்களிடம் பேங்குக்குப் போவதாகச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். வாசலில் நின்று, 'மாமா, செடி எடுக்க வந்திருக்கேன்' என்றாள். மாரித்தாய் அவளைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

சொல்ல வேண்டியதை எட்டு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால், 'பஸ்ல கூட்டமாம்மா?' என்றுதான் வந்தது. 'கூட்டம் இல்ல மாமா' என்றாள்.

மாடிக்குப் போனோம். நாலாம் நம்பர் முழுக்கப் பூத்திருந்தது. இளம் ஊதா நிறம். மாடிப்படி ஏறும்போதே வாசனை வந்துவிடும். அவள் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சட்டியில் நான் வைத்த சிமெண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிரித்தாள். ஆள் இளைத்துப்போயிருக்கிறாள். சாப்பிட வைக்கவும்.

கையெழுத்துக்காகக் குறிப்பேட்டைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத்தான் திறந்து கொடுத்தேன். அவள் முதல் பக்கத்துக்குத் திருப்பி அங்கிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மறந்துபோயிருந்தேன். முதல் பக்கத்தில், மண்டபத்துக்கு மறுநாள், 18.08.2024 அன்று எழுதியது இது:

'இன்று முதல் பதினொரு சட்டிகளுக்கும் பொறுப்பு ஏற்றேன். நேற்று மண்டபத்தில் நான் சொன்னது பொய். மகன் மானத்தைக் காப்பாற்றச் சொன்னேன். இந்தப் பெண் குடித்தனம் பண்ணத்தான் வந்தாள். எதிரே ஆள் இல்லாததால் செடி வளர்த்தாள். இதைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் இதே வீட்டில் சும்மா இருந்தவன் நான். இப்படிக்கு, தளவாய்.'

வாசித்தாள். திரும்ப ஒரு தடவை வாசித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பேனா கேட்டாள். 'தேதி போடணுமா மாமா?' என்றாள். 'போடணும்மா' என்றேன்.

பத்துச் செடிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். தெருவில் எல்லோரும் பார்க்க நானேதான் பத்தையும் சுமந்து இறக்கினேன். நாலாம் நம்பரை எடுக்கப் போனபோது வேண்டாம் என்றாள். போன பிறகுதான் குறிப்பேட்டைப் பார்த்தேன். பத்து வரிகளில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து இருக்கிறது. நாலாம் நம்பருக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறாள்: 'பெற்றுக்கொள்ளவில்லை. மாமா பொறுப்பில் இருக்கட்டும்.'

சித்திரைக்கு அவர்கள் வந்தால் இதை என்ன செய்வது என்று மாரித்தாய் கேட்டாள். கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த பொருள், எவன் சொன்னாலும் இடத்தைவிட்டு நகராது என்றேன். மகன் கேட்டால் குறிப்பேட்டை அவன் கையில் கொடுப்பேன். அவனும் முதல் பக்கத்திலிருந்தே வாசிக்கட்டும்.

தளவாய்


குற்றாலம்
11 ஏப்ரல் 2025

திரு. தளவாய் அவர்களுக்கு,

பேங்குக்குப் போகிறேன் என்று போனவள் ஆட்டோ நிறையச் சட்டியோடு வந்து இறங்கினாள். இழுப்பறைச் சாவியை எப்போது எடுத்தாள், எப்போது வாசித்தாள் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்திருந்தாள். உங்கள் வீட்டில் இரண்டு வருஷம் இருந்து கற்றுக்கொண்ட ஒழுங்கு போலிருக்கிறது.

பத்துச் சட்டியையும் அவள் அறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறாள். ஜன்னலைத் திறக்காமல் சட்டியைத் தொங்கவிட முடியாது. இரண்டு கதவும் திறந்திருக்கிறது. காலையில் கீழே நின்று பார்த்தேன். அங்கிருந்து எட்டிப் பார்த்து, 'என்னம்மா பாக்க, தண்ணி மேல விழும், தள்ளி நில்லு' என்று சத்தம் போட்டாள். தள்ளி நிற்கவில்லை.

அவள் உங்களை மன்னித்துவிட்டாள் என்று தெரிகிறது. அது அவள் பாடு. நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. மண்டபத்தில் கேட்ட நாற்பது பேரும் உங்கள் குறிப்பேட்டை வாசிக்கவில்லை. சிரித்த நாலு பேரும் இன்றைக்கும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். என் நம்பரை பிளாக்கிலிருந்து எடுக்க வேண்டாம். வாசப்படியைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கிறது, விளக்குமாறும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. மார்கழி பிறந்ததும் நாலாம் நம்பருக்குத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மாரித்தாய் மதினி பாவம் பார்த்து ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நான் சொல்வதை நம்பலாம்.

நிர்மலாதேவி